மல்லிகையின் மருத்துவம்: எந்தப் பூ, எந்தப் பகுதி, எந்த நேரம்

குழந்தை பிறந்து தங்காத வீட்டில் மூன்றாம் நாள் தாய்க்குப் பால் கட்டும். குடிக்கக் குழந்தை இல்லை என்பது உடம்புக்குத் தெரிவதில்லை. நஞ்சுக்கொடி வெளியேறியதும், அதுவரை பால் சுரப்பைத் தடுத்துவைத்திருந்த புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சரிந்துவிடுகிறது. பால் சுரக்கச் செய்யும் ஹார்மோனான புரோலாக்டின் தன் வேலையைத் தொடங்குகிறது. இரண்டு மூன்று நாள்களில் மார்பு கல்போல் கனத்து, சேலைத் தலைப்பு பட்டாலும் வலிக்கிற நிலைக்கு வந்துவிடுகிறது. மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் அந்த வேளையில் வீட்டுப் பெரியவர்கள் முதலில் ஆளனுப்புவது மல்லிகைப்பூ வாங்கிவரத்தான்.

சிறு வயதில் எங்கள் தெருவில் இதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தலைப்பிள்ளை தங்கவில்லை. என் அப்பத்தா நைந்த பருத்தி வேட்டி ஒன்றைக் கிழித்து, இரண்டாக மடித்து, அதன் நடுவில் உதிரி மொட்டுகளை விரல் கனத்துக்குப் பரப்பினார். குத்தக் கூடாது என்பதற்காக மொட்டின் பச்சைக் காம்பை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தார். துணியை மார்போடு அணைத்து முதுகுப்புறம் முடிச்சுப் போடப்போன பெண்ணிடம், "இறுக்காதத்தா, பூ மேல பட்டுக்கிட்டு இருந்தாப் போதும்" என்றார். மறுநாள் அவிழ்த்தபோது மொட்டுகளெல்லாம் உடம்புச் சூட்டில் விரிந்து, பழுப்பேறி, துணியோடு ஒட்டிக்கிடந்தன. அவற்றை உதறிவிட்டுப் புதுப் பூ வைத்தார்கள். நான்கைந்து நாள் அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் மல்லிகை மணத்தது. அந்த நாள்களில் அந்த வீட்டில் யாரும் தலையில் பூ வைத்திருக்கவில்லை என்பது பின்னாளில்தான் எனக்கு உறைத்தது.

பூக்களைப் பற்றிய நாட்டு மருத்துவச் செய்திகள் நம்மிடம் ஏராளம். அவற்றில் மருத்துவமனைக்குள் கொண்டுபோய், இன்றைய மருந்து ஒன்றுக்கு எதிரே நிறுத்திப் பார்க்கப்பட்டவை மிகச் சில. மல்லிகைப்பூவால் பால் வற்றச் செய்யும் இந்த வழக்கம் அந்தச் சிலவற்றுள் ஒன்று. 1988-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மகப்பேறு மருத்துவ இதழில் இந்திய மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வெளியானது. பால் சுரப்பை நிறுத்த வேண்டிய தாய்மாரில் ஒரு சாராருக்கு, அந்நாளில் அதற்கென்றே கொடுக்கப்பட்ட புரோமோகிரிப்டின் மாத்திரையும், மற்றொரு சாராருக்கு மார்பில் மல்லிகைப்பூவும் கொடுத்து, இரத்தத்தில் புரோலாக்டின் அளவு, மார்பின் வீக்கம், பால் வரத்து, வலிமாத்திரை எவ்வளவு தேவைப்பட்டது ஆகிய நான்கையும் அளந்தார்கள். புரோலாக்டின் இரு சாராரிடமும் குறைந்தது. மாத்திரை உட்கொண்டவர்களிடம் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் தாய் உணரக்கூடிய மற்ற மூன்றிலும், அதாவது வீக்கம், பால் வரத்து, வலி ஆகியவற்றில், பூவும் மாத்திரையும் ஒரே அளவுக்குப் பயன் தந்தன. மாத்திரையை நிறுத்திய பிறகு சிலருக்குப் பால் மறுபடியும் சுரந்ததும் அந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது. மருந்து கிடைக்காத இடத்திலும், வாங்க வசதி இல்லாத இடத்திலும் மல்லிகையை மாற்றாகப் பயன்படுத்தலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இந்த முடிவுக்குப் பின்னால் வந்த ஒரு நிகழ்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பால் நிறுத்துவதற்காகப் புரோமோகிரிப்டின் உட்கொண்ட பெண்களில் சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறுதல், வலிப்பு, பக்கவாதம் போன்ற கடுமையான விளைவுகள் நேர்ந்ததாகப் புகார்கள் சேர்ந்ததால், 1990-களின் நடுவில் அமெரிக்காவில் அந்தப் பயன்பாட்டுக்கான அனுமதி விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த மருந்து வேறு நோய்களுக்கு இன்றும் பயன்படுகிறது. பால் நிறுத்துவதற்கு மட்டும், சில நாளில் தானே அடங்கக்கூடிய ஒரு தொல்லைக்காக அவ்வளவு பெரிய அபாயத்தை ஏற்கத் தேவையில்லை என்ற முடிவுக்கு மருத்துவ உலகம் வந்தது. மார்பில் பூ வைத்துக் கட்டிய நம் பெண்கள் எடுத்திருந்த வழி அபாயம் குறைந்தது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

அதே நேரத்தில் அந்த ஆய்வு எதை நிறுவியது, எதை நிறுவவில்லை என்பதில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். குழந்தை சப்பிக் குடிக்காத தாய்க்குப் புரோலாக்டின் எப்படியும் நாளடைவில் இறங்கும். வெளியேறாமல் தேங்கிய பாலே மேற்கொண்டு சுரக்காதபடி சுரப்பிக்குத் தடை விதிக்கும். ஆகவே பூவுக்கும் மாத்திரைக்கும் இடையிலான ஒப்பீட்டை மட்டும் வைத்துக்கொண்டு, இறங்கியதில் எவ்வளவு பூவால் இறங்கியது, எவ்வளவு இயற்கையாக இறங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு எதுவும் கட்டாத ஒரு சாராரும், மணமில்லாத வேறொரு பூவைக் கட்டிய ஒரு சாராரும் தேவை. மணம் மூக்கு வழியாக வேலை செய்கிறதா, தோல் வழியாக ஏதேனும் உள்ளே போகிறதா, ஈரப்பூவின் குளிர்ச்சி வீக்கத்தைத் தணிக்கிறதா என்ற கேள்விகளுக்கும் அப்படிப்பட்ட ஒப்பீட்டில்தான் விடை இருக்கிறது. பூ மலிவாகக் கிடைக்கிற, பூ கட்டும் வழக்கம் உயிரோடிருக்கிற நம் ஊரில்தான் அந்த ஆய்வு நடக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்த வழக்கத்தின் மறுபக்கம் ஒன்று உண்டு. பால் வற்றச் செய்வதற்காகக் கட்டும் பூவை, பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு மார்பு கனக்கிறதென்று கட்டிவிடக் கூடாது. அவருக்குத் தேவை குழந்தையை அடிக்கடி குடிக்கவிடுவதும், மிஞ்சியதைக் கையால் பீய்ச்சி எடுப்பதும்தான். அப்பத்தா "இறுக்காதே" என்று சொன்னதிலும் பொருள் இருக்கிறது: மார்பை இறுக்கிக் கட்டினால் பால் நாளம் அடைபட்டு, அழற்சியாகி, சீழ்க்கட்டி வரை போகக்கூடும். ஓரிடம் மட்டும் சிவந்து சுடுவது, குளிர்காய்ச்சல், காம்பில் சீழ் இவற்றில் ஏதேனும் தென்பட்டால் பூவை எடுத்துவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி, எந்தப் பூ என்ற கேள்வி. மல்லிகையைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் சறுக்கும் இடம் இதுதான். மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அதிகாலையில் நின்றால், ஒரே வெள்ளை நிறத்தில் மூன்று நான்கு குவியல்கள் கிடக்கும். உருண்டு திரண்ட மொட்டு மல்லிகை, அதுவே குண்டுமல்லி, தாவரவியலில் ஜாஸ்மினம் சம்பக். இருவாட்சியும் ஊசிமல்லியும் கஸ்தூரிமல்லியும் இதன் வகைகள்தான். மெலிந்து நீண்ட, வெளிப்புறம் இளஞ்சிவப்புப் பூசிய மொட்டு பிச்சி. சாதிமல்லி என்பதும் அதுதான். தாவரவியலில் ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம். மிகச் சிறிய, கூரிய மொட்டு முல்லை, ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம். மணம் குறைந்த காக்கட்டான் தனி இனம். பூவை வைத்துத் தெரியாவிட்டால் இலையைப் பார்த்தால் போதும். மல்லிகைக்கு ஒற்றை இலை, முழுதாக, பளபளப்பாக இருக்கும். பிச்சியில் ஒரே காம்பில் ஏழோ ஒன்பதோ சிற்றிலைகள் இறகுபோல் அடுக்கியிருக்கும். முல்லையின் இலையில் நடுவே ஒரு பெரிய சிற்றிலையும், அதன் அடியில் இருபுறமும் காதுமடல்போல் இரண்டு துணுக்குகளும் இருக்கும். ஆரிகுலேட்டம் என்ற பெயரே அந்தக் காதுகளால் வந்தது.

பெயர்க் குழப்பம் மாநில எல்லையைத் தாண்டும்போது இன்னும் பெரிதாகிறது. மலையாளத்தில் முல்ல என்றால் நம்முடைய மல்லிகை. சிங்களத்தில் பிச்ச என்பதும் நம்முடைய மல்லிகைதான். நாம் பிச்சி என்பது வேறு செடி. வடஇந்தியாவில் மோக்ரா, பேலா என்பவை மல்லிகை. சமேலி என்பது பிச்சி. எனவே கேரளத்துக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கி "முல்லைப்பூவை அரைத்து" என்று எழுதுகிறவர், தமக்குத் தெரியாமலேயே மருந்தை மாற்றிவிடுகிறார். நம் மொழிக்குள்ளேயே இன்னொரு பொறி உண்டு. சுக்குமல்லிக் காப்பியில் இருப்பது கொத்தமல்லி விதை. கஷாயக் குறிப்புகளில் சுக்கு, மிளகு, சீரகத்தோடு வரும் மல்லியும் அதுவே. கைபேசியில் சுற்றும் குறிப்புகளில் அந்த மல்லிக்குப் பக்கத்தில் குண்டுமல்லிப் படம் ஒட்டப்பட்டிருப்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

பிச்சியின் மருத்துவம் பூவில் இருப்பதைக் காட்டிலும் இலையில் இருக்கிறது. வாய்ப்புண்ணுக்கும் பல்லீறு வீக்கத்துக்கும் பிச்சி இலையை மென்று சாற்றை வாயில் அடக்கித் துப்புவது தென்னாட்டிலும் வடநாட்டிலும் நெடுங்காலமாக உள்ள வழக்கம். பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவப்பிரகாசம் என்னும் வடமொழி மருத்துவ நூல், தலை, கண், வாய், பல் ஆகிய இடங்களின் நோய்களுக்கு உரியது என்று சாதிப் பூச்செடியைக் குறிக்கிறது. ஆயுர்வேத மருந்துக் கடைகளில் இன்றும் விற்கும் ஜாத்யாதி தைலம் இந்தச் செடியின் பெயரால் வந்தது. ஜாதி என்பது பிச்சி. அதன் இலையோடு வேப்பிலை, மஞ்சள், அதிமதுரம், மஞ்சிட்டி, தேன்மெழுகு முதலியவை சேர்ந்த அந்தத் தைலம் ஆறாத புண்ணுக்கும் தீப்புண்ணுக்கும் மூலநோய் வெடிப்புக்கும் மேலே பூசுவதற்கானது. அதில் மயில்துத்தமும், அதாவது செப்பு சல்ஃபேட்டும், சேர்கிறது. ஆகையால் "மூலிகைத் தைலம்தானே" என்று அதை உள்ளுக்குக் கொடுப்பது ஆபத்தில் முடியும்.

பிச்சி இலையைக் கடித்தால் வரும் கசப்புக்கு ஒரு குடும்பக் கதை உண்டு. மல்லிகை இனங்கள் அனைத்தும் ஆலிவ் மரத்தின் குடும்பமான ஓலியேசியைச் சேர்ந்தவை. ஆலிவ் இலைக்கும் காய்க்கும் கசப்பைத் தரும் ஓலியூரோபின் என்ற பொருள் பிச்சியிலும் இருப்பது வேதியியல் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பதும் அழற்சியைக் குறைப்பதும் இத்தகைய பொருள்களின் இயல்பு என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. வாய்ப்புண்ணுக்கு இலையை மெல்லும் வழக்கத்துக்கு இது ஓரளவு பொருத்தமான விளக்கம். கால் ஆணிக்குப் பிச்சி இலைச்சாறு விடுவதும் பழைய மருந்துப்பொருள் நூல்களில் பதிவான வழக்கம்தான்; அந்த இலையில் சாலிசிலிக் அமிலம் இருப்பதாகவும் அவை குறித்துள்ளன. இன்று கடையில் கிடைக்கும் கால் ஆணிப் பிளாஸ்திரியின் சரக்கும் சாலிசிலிக் அமிலமே. ஆனால் பிளாஸ்திரியில் அது பெரும்பாலும் 40 விழுக்காடு வரை செறிந்திருக்கும். இலைச்சாற்றில் இருக்கக்கூடியது அதற்கு அருகில்கூட வராது. சர்க்கரை நோயால் காலில் உணர்வு மங்கியவர்கள் இலைச்சாறோ பிளாஸ்திரியோ எதையும் தாமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

முல்லை இலைக்கும் புண் ஆற்றும் பெயர் உண்டு. 1960-களில் இந்திய ஆய்வாளர்கள் முல்லை இலைச்சாற்றை விலங்குகளின் காயங்களில் இட்டுச் சோதித்து, காயம் ஆறுவதற்கு அது துணைசெய்கிறது என்று எழுதினார்கள். அந்தத் தொடக்கத்துக்குத் தக்க தொடர்ச்சி மனிதரிடத்தில் இல்லை. ஆகவே மல்லிகைக்குப் பூ, பிச்சிக்கும் முல்லைக்கும் இலை என்று மரபு பிரித்துவைத்திருந்த நுட்பத்தைக் கண்டுகொண்டு, அந்தப் பிரிவினைக்குள் நின்று பேசுவதுதான் முறை.

மணத்துக்கு வருவோம். மல்லிகை மனத்தை அமைதியாக்கும், தூக்கம் வரவழைக்கும் என்று சொல்லாதவர் இல்லை. மணம் எப்படிப் பிறக்கிறது என்று முதலில் பார்க்கலாம். மல்லிகை மொட்டை விவசாயிகள் இருட்டோடு பறிக்கத் தொடங்குகிறார்கள். அப்போது அதற்கு மணமே இல்லை என்று சொல்லலாம். மணப்பொருள்களில் லினலூல் போன்றவை மொட்டுக்குள் சர்க்கரையோடு பிணைந்து, ஆவியாக முடியாத வடிவில் அடங்கியிருக்கின்றன. மாலையில் இதழ் நெகிழும்போது நொதிகள் அந்தப் பிணைப்பை அறுக்கின்றன, மணம் விடுபடுகிறது. செடியிலிருந்து பறித்த பிறகும் இந்த வேலை நடப்பது மல்லிகையின் சிறப்பு. ரோஜாவைப் பறித்தால் மணம் குறைந்துகொண்டே போகும், மல்லிகையைப் பறித்தால் அன்று இரவுதான் முழு மணமும் வெளிப்படும். நெடுநல்வாடையில், மழைமூட்டத்தால் பொழுது தெரியாத நாளில் பெண்கள் தட்டில் வைத்த பிச்சி மொட்டு விரிந்து மணப்பதைக் கொண்டு மாலை வந்ததென அறிந்து விளக்கேற்றும் காட்சி வருகிறது. பறித்த பூ விரிவதும் அதன் நேரமும் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே கண்டறிந்த செய்தி.

இந்த மணத்தைப் பற்றிய ஆய்வுகள் ஒரே திசையில் பேசவில்லை. 2005-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில், மல்லிகைத் தேநீரின் மணத்தை மிகக் குறைந்த செறிவில் முகர்ந்தவர்களின் இதயத் துடிப்பு சற்றே தணிந்தது; மனம் அமைதியானதாக அவர்களும் சொன்னார்கள். அதில் உள்ள லினலூலைத் தனியே முகர்ந்தபோதும் அதே விளைவு கிடைத்தது. ஆனால் 2010-இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் மல்லிகை எண்ணெயை உடம்பில் தேய்த்தபோது மூச்சு வேகமும் இரத்த அழுத்தமும் சற்று ஏறின. தேய்த்துக்கொண்டவர்கள் தாங்கள் விழிப்பாகவும் உற்சாகமாகவும் இருந்ததாகச் சொன்னார்கள். இரண்டும் முரண் என்று தோன்றலாம். செறிவு வேறு, வழி வேறு என்று பார்த்தால் அவ்வளவு முரண் இல்லை. கூந்தலில் நாலு விரல்கிடை பூ மணக்கும்போது இதம் தருவதும், கல்யாண மண்டபத்தில் மூட்டை மூட்டையாகப் பூ குவிந்த அறைக்குள் நுழைந்ததும் தலை வலிப்பதும் நம் எல்லோருக்கும் தெரிந்த அனுபவம்தானே. மல்லிகை மணத்தில் இந்தோல் என்ற பொருளும் சிறு அளவில் இருக்கிறது. நீர்த்திருக்கும்போது பூவாக மணக்கிற அது, செறிந்தால் சாணம்போல் நாறும்.

2010-இல் உலகெங்கும் பரவிய செய்தி ஒன்றையும் இங்கே தெளிவாக்க வேண்டும். மல்லிகையின் மணம் தூக்க மாத்திரைக்கு இணையானது என்று ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழக ஆய்வை மேற்கோள் காட்டி நாளிதழ்கள் எழுதின. தமிழிலும் அது வந்து, இன்றுவரை பகிரப்படுகிறது. அந்த ஆய்வாளர்கள் சோதித்தது ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட செயற்கை மணப்பொருள்கள். அந்த மணம் ஒத்திருந்ததாகச் சொல்லப்பட்ட பூ கார்டீனியா ஜாஸ்மினாய்டஸ். அது காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயரில் மல்லிகை ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர மல்லிகையோடு உறவில்லாதது. அமைதியடைந்தவை கூண்டுக்குள் அந்த மணத்தை அடர்த்தியாகப் பாய்ச்சப்பட்ட எலிகள். அந்த ஆய்வு மூளையின் நரம்புச் செய்தி வாங்கிகளைப் புரிந்துகொள்ள உதவிய நல்ல ஆய்வு. தலையணை அருகே மல்லிகை வைத்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்பதற்கு அதில் ஆதாரம் கிடையாது. தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்துவது வலிப்பு வரை கொண்டுபோகக் கூடியது என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

மல்லிகை எண்ணெய் என்ற பெயரில் விற்பனையாகும் புட்டிகளைப் பற்றியும் இதே கவனம் வேண்டும். லாவெண்டரைப்போல் மல்லிகையை நீராவியில் வடிக்க முடியாது. அந்தச் சூட்டில் மணம் கெட்டுவிடும். ஆகையால் தொழிற்சாலைகள் ஹெக்சேன் போன்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, கான்கிரீட் எனப்படும் மெழுகுபோன்ற பொருளை எடுத்து, அதைச் சாராயத்தில் கரைத்து மெழுகை நீக்கி, அப்சல்யூட் என்ற செறிவான திரவத்தைப் பிரிக்கின்றன. ஆயிரம் கிலோ பூவிலிருந்து கிடைப்பது சில கிலோ கான்கிரீட்தான். இந்தக் கணக்குத் தெரிந்தவர்கள், நூறு ரூபாய்க்கு விற்கும் "சுத்தமான மல்லிகை எண்ணெய்" என்னவாக இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். உண்மையான அப்சல்யூட்டும் நேரடியாகத் தோலில் படத் தக்கதன்று. ஒவ்வாமைத் தடிப்பு வரக்கூடும்.

சூடில்லாமல் மணத்தைப் பிடிக்கும் வழியை நம் நாட்டு எண்ணெய் வணிகர்கள் அறிந்திருந்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூர், காசிப்பூர் பக்கங்களில் எள்ளையும் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, வாடிய பூவை நீக்கிப் புதுப் பூவைப் போட்டு, மணம் ஏறிய எள்ளைச் செக்கிலிட்டு ஆட்டுவார்கள். சீனத்தின் ஃபூஜோ நகரத்து மல்லிகைத் தேநீரும் இதே தத்துவம்: இரவில் மொட்டு விரியும் நேரத்தில் தேயிலையோடு கலந்துவைத்து, விடிந்ததும் பூவைச் சலித்து எடுத்துவிடுகிறார்கள், தேயிலையில் மணம் மட்டும் தங்குகிறது. நம் வீடுகளில் தேங்காயெண்ணெயில் மல்லிகையைப் போட்டுக் காய்ச்சுகிறார்கள். காய்ச்சினால் போவது மணம்தான். வெதுவெதுப்பான எண்ணெயில் மாலை மொட்டை இரவு முழுதும் ஊறவிட்டு, காலையில் பூவை வடித்தெடுத்து, அடுத்த மாலை மீண்டும் புதுப் பூ போடுவது மேல். பூவின் ஈரம் எண்ணெயில் தங்கினால் காறிப்போகும் என்பதால் வடிகட்டுவதில் சோம்பல் கூடாது.

"மல்லிகை குளிர்ச்சி" என்ற பேச்சையும் ஒரு முறை உரசிப்பார்க்கலாம். கண் எரிச்சலுக்கு மூடிய இமைமேல் ஈர மல்லிகையை வைப்பதும், வெயில் தலைவலிக்கு நெற்றியில் அரைத்துப் பற்றுப்போடுவதும் இந்த எண்ணத்தால் வந்தவை. தொட்டால் குளிர்ச்சியாக இருப்பது உண்மை. ஆனால் மேலே சொன்ன பாவப்பிரகாசம் மல்லிகையை உஷ்ண வீரியம் உடையது என்றே வகைப்படுத்துகிறது. கைக்குக் குளிர்ந்தது மருத்துவக் கணக்கில் சூடாக இருக்கலாம் என்பது நம் மரபு மருத்துவங்களில் புதிதல்ல. அந்தக் கணக்கு உட்கொண்ட பின் உடம்பில் நேரும் மாற்றத்தைப் பற்றியது. ஆகவே வெளியே வைக்கும் பழக்கத்திலிருந்து "குளிர்ச்சிதானே, கஷாயமாகக் குடிக்கலாம்" என்று தாவுவதற்கு அந்த மரபே இடம் தரவில்லை. இமைக்குமேல் வைப்பது ஒன்று, சாற்றைப் பிழிந்து கண்ணுக்குள் விடுவது வேறொன்று. பின்னதை யார் சொன்னாலும் செய்யக் கூடாது.

வேர் இன்னும் கடுமையானது. சீன மரபு மருத்துவம் மல்லிகை வேரை எலும்பு பொருத்தும்போது வலி தெரியாமலிருக்க மதுவில் அரைத்துக் கொடுத்தது. அளவு கூடினால் நோயாளி நெடுநேரம் நினைவிழந்து கிடப்பார் என்ற எச்சரிக்கையும் அந்த மரபிலேயே இருக்கிறது. பெயரை மட்டும் நம்பினால் வரும் கேடு இதைவிடப் பெரிது. நைட் ஜாஸ்மின் என்று நாற்றங்காலில் விற்கும் செடி பெரும்பாலும் செஸ்ட்ரம். கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த நச்சுச்செடி. மஞ்சள் மல்லிகை என்று அமெரிக்கர் சொல்லும் ஜெல்சீமியம் இலை முதல் தேன் வரை நஞ்சு. வெளிநாட்டில் வாழும் தமிழர்கள் தோட்டத்தில் படர்ந்த மணக்கொடியை மல்லிகை என்று எண்ணிப் பறித்துக் கொதிக்கவைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடைசியாக, பூ எங்கிருந்து வருகிறது என்பது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டை வட்டாரங்களில் வளர்கிறது. அதற்கான பதியன்கள் பெரும்பாலும் ராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்திலிருந்து வருகின்றன. மல்லிகை விவசாயிக்கு மொட்டுப்புழுவும் பூ ஈயும் செஞ்சிலந்தியும் ஓயாத போராட்டம். மொட்டு துளைபட்டால் சந்தையில் விலை இல்லை; ஆகவே பூக்கும் காலம் முழுதும் மருந்தடிப்பு நடக்கிறது. விவசாயியைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர் வளர்ப்பது சூடுவதற்கான பூ. வாயில் போடுவதற்கென்று அவர் வளர்க்கவில்லை. சந்தைப் பூவைத் தேநீரிலும் கஷாயத்திலும் போடச் சொல்லும் குறிப்புகள் இந்த ஒன்றை நினைத்தே பார்ப்பதில்லை. புண்பட்ட மார்புக்காம்பின்மேல் வைக்கும் பூவுக்கும் இதே கவலை பொருந்தும்.

எங்கள் அப்பத்தா அன்று பூவைச் சந்தையில் வாங்கவில்லை. கிணற்றடியில் ஒரு குண்டுமல்லிச் செடி இருந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் பாய்ந்து வளர்ந்தது. அதில் பறித்தது போதாமல் நாலு வீட்டுக் கொல்லையில் கேட்டு வாங்கி, சொம்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, முறத்தில் உலர்த்திய பிறகுதான் துணியில் பரப்பினார். ஐந்தாம் நாள் அந்த அக்கா தானாக எழுந்து வந்து கிணற்றடியில் குளித்தார். அதற்கடுத்த நாள் முதல் துணி கட்டவில்லை.